உலகம் சுற்றக் கிளம்பிய சமோவார்

"கொஞ்சூண்டுதான் தம்பி. ஒரு ஓரமா வச்சுக்கோ. நோவோசிபிர்ஸ்க்ல என் தங்கச்சி மகன் இருக்கான். நீ அந்தப் பக்கமாத்தானே போறே?"

மிர்சகான் பெரியவர் நீட்டிய கொஞ்சூண்டு, அரைச் சாக்கு இருந்தது. உள்ளே குருத், வெயிலில் காயவைத்த தயிர் உருண்டைகள்.

ஓமுர்பெக் ஒரு கால் விமானத்தின் இறக்கைமேலும் ஒரு கால் ஏணியிலுமாக நின்றார். மறுக்க வாய் திறந்தார். பெரியவரின் வெள்ளைத் தாடியைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. கோக்-சாய் ஊரில் தாடி வெளுத்தவரிடம் மாட்டேன் என்று சொன்னவன், அப்புறம் யார் வீட்டுப் படியும் ஏற முடியாது.

"குடுங்க பெரியப்பா," என்றார்.

தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

முப்பது வருஷம் கூட்டுப்பண்ணை வயல்களுக்கு மேல் தாழப் பறந்து பூச்சி மருந்து தெளித்தவர் ஓமுர்பெக். அத்தனை வருஷப் பறப்பிலும் அவர் பார்த்த உலகம், உருளைக்கிழங்கு வயலும் அதற்கு அடுத்த உருளைக்கிழங்கு வயலும்தான். ஓய்வு பெற்ற பிறகு பண்ணைக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த பழைய விமானம் ஒன்றை மீட்டு, வருஷக்கணக்காகத் தட்டிக் கொட்டி உயிர் கொடுத்திருந்தார். கிளம்புவதற்கு முன் வெகு நேரம் கொதித்து, சீறி, புகை விடுவதால் ஊரார் அதற்கு, தேநீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் பெயரையே எடுத்து, சமோவார் என்று வைத்துவிட்டார்கள். அந்தச் சமோவாரில் ஒற்றை ஆளாக உலகத்தைச் சுற்றி வர வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒற்றை ஆளாக என்பதுதான் ஊருக்குப் புரியவில்லை. கோக்-சாயில் யாரும் சந்தைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை.

அண்டை நாட்டு வான்வழியில் நுழைய அனுமதி கிடைத்திருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் அனுமதியும் போச்சு, பின்னாலேயே பனியும் வந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லியே அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

"குருத் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டான் மெக்கானிக் ஜானிபெக். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டாங்கியைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"என்ன, ஒரு பத்து கிலோ."

"அப்ப பத்து கிலோ பெட்ரோல் குறையும். பரவாயில்லை. கடல்மேல போறப்ப தீர்ந்துபோச்சுன்னா, குருத்தைச் சப்பிக்கிட்டே நீந்துங்க."

வீட்டுக்கு வந்து மனைவி அனார்கானிடம் சொன்னார். அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே அமைதியாகக் கேட்டாள். இந்தப் பயணத்துக்கு முகம் சுளிக்காத ஒரே ஜீவன் அவள்தான். வம்பு இழுப்பாள் என்று பயந்துகொண்டேதான் முதன்முதலில் அவளிடம் இந்த ஆசையைச் சொல்லியிருந்தார். "போய்ட்டு வாங்க, உங்க ஆசைதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் மனைவியைப் புது மரியாதையோடு பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"பெரியவர் போகட்டும்," என்றாள் அனார்கான். "இனிமே கறாரா இருங்க. ரத்த சொந்தத்தைத் தவிர யார் பொட்டலத்தையும் வாங்க மாட்டேன்னு சொல்லிடுங்க. சொந்தம்னு நமக்கு நாலு பேர்தானே."

நல்ல யோசனை. அன்று சாயங்காலமே தேநீர்க் கடையில் சத்தமாக அறிவித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் கூட்டம். ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தெரியாதவன் கிர்கீசியனே இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் அப்பனில் தொடங்கி ஒரு ஏழு, ஓமுர்பெக்கின் அப்பனில் தொடங்கி ஒரு ஏழு என்று விரல் மடக்கி, இரண்டையும் ஏதோ ஒரு பாட்டனிடம் கொண்டுபோய் முட்ட வைத்தார்கள். மதியத்துக்குள் கோக்-சாய் முழுக்க அவருக்கு ரத்த சொந்தமாகிவிட்டது. போன வருஷம் வேலித் தகராறில் அவர் மண்டையைப் பிளக்க வந்தவன்கூட "சித்தப்பா" என்று கண் கலங்கி ஒரு மூட்டையை இறக்கி வைத்தான்.

பக்கத்து வீட்டுக் கலிச்சா, சுருட்டிய கம்பளி விரிப்பு ஒன்றைத் தோளில் சுமந்து வந்தாள்.

"கொழுந்தனாரே, இது அலாஸ்காவுக்கு."

"அலாஸ்காவுல உங்களுக்கு யாரு மதினி?"

"என் மருமகளோட அக்கா. ஏன், எங்க வீட்டுல யாரும் அலாஸ்கா போகக் கூடாதா?"

"போகலாம். ஆனா உங்க மருமகளுக்கு அக்கா இருக்கறதே..."

"ஒரே குளிராம். வெறுந்தரையில படுக்கறாளாம். ஒரு கம்பளிக்கு இத்தனை குறுக்கு விசாரணையா?"

கலிச்சா முக்காட்டு நுனியை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஓமுர்பெக் அவசர அவசரமாக விரிப்பை வாங்கிக்கொண்டார்.

"ஊர்ல இத்தனை பேருக்கு வெளிநாட்டுல ஆளிருக்கா?" என்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் ஆச்சரியப்பட்டார்.

"நீங்க வருஷம் பூராவும் வானத்துலயே கிடந்தீங்க. யாரு பொண்ணை எங்க கட்டிக் குடுத்தாங்கன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் அனார்கான். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. "ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்கு ஒரு பொட்டலம், அதுவும் சின்னதுன்னு கணக்கு வச்சிடுங்க. யாரும் வாய் திறக்க முடியாது."

இதுவும் நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று சொன்னதும், அதுவரை எதையும் அனுப்பும் உத்தேசமில்லாத வீடுகளுக்கும் அது உரிமையாகிவிட்டது. விட்டுக்கொடுத்தால் பரம்பரைக்கே இழுக்கு. ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக இருந்த அண்ணன் தம்பிகள் அன்று மதியமே தனித்தனி அடுப்பு மூட்டி, "நாங்க வேற வீடு" என்று ஆளுக்கொரு மூட்டையோடு வந்தார்கள்.

ஜானிபெக் கூடுதல் டாங்கியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"ஏண்டா கழட்டுறே?"

"பின்னே, மூட்டைங்களை உங்க மடியில வச்சுக்கிறீங்களா? உலகம் சுற்றுறது இருக்கட்டும் அண்ணே, இந்தப் பெட்ரோலுக்கு நீங்க அடுத்த ஊர் சந்தைக்குப் போகலாம். நிறைய சரக்கு வேற இருக்கு, வித்துட்டு வந்துடலாம்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அனார்கான் மூன்றாவதாக ஒரு வழி சொன்னாள்.

"இது ரொம்ப ஆபத்தான பயணம், விமானம் விழுந்தாலும் விழும்னு சொல்லிடுங்க. பொருள் போயிடுமேன்னு பயந்து ஆளாளுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் கம்மியது. தேநீர் சூடு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் போய்ச் சொன்னார். ஊர் பதறிவிட்டது. ஆனால் ஒருவரும் பொருளைத் திருப்பி எடுக்கவில்லை. மாறாக, விழப் போகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா என்று வீட்டுக்கு வீடு ஆடு அறுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழு ரொட்டியை நீட்டி ஒரு கடி கடிக்கச் சொன்னார்கள். மீதியை ஆணியில் தொங்கவிட்டால், தின்று முடிக்க ஆள் திரும்பி வந்தே தீருவான் என்பது நம்பிக்கை. பொழுது சாயும்போது ஊர் பூராவும் அவர் கடித்த ரொட்டிகள் தொங்கின. அவருடைய இடுப்பு வார் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருந்தது.

மிர்சகான் பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்தித் துவா செய்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அடுத்தவங்க நம்பிக் குடுத்த அமானிதத்தைச் சுமக்குறவனை ஆண்டவன் கைவிட மாட்டான். சுமை கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும்," என்றார்.

கூட்டம் தலையாட்டியது. உடனே அவரவர் வீட்டுக்கு ஓடிப்போய், ஓமுர்பெக்கின் பாதுகாப்புக்காக ஆளுக்கு இன்னொரு மூட்டை கொண்டுவந்தார்கள்.

"போதும் அனார்கான்," என்றார் ஓமுர்பெக். அழாத குறைதான். "நாளைக்கு விடியறதுக்குள்ள யாருக்கும் தெரியாம போறேன். விமானம் நிக்கிற திடல்லயே எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டுப் பறந்துடறேன். திட்டுறவங்க திட்டட்டும், எனக்குக் காது கேக்காது."

அனார்கான் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "சரிங்க," என்றாள். "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

விடியலில் அவர் திடலுக்குப் போனபோது ஊரே அங்கே இருந்தது. உண்மையான சமோவார்கள் நாலைந்து புகைந்துகொண்டிருந்தன. யாரோ மூன்று நரம்புக் கோமுஸ் வாத்தியத்தை மீட்டினார்கள். ஓமுர்பெக் ஜானிபெக்கை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"நான் இல்லை அண்ணே! என்னையே இப்பத்தான் எழுப்பிக் கூட்டியாந்தாங்க!"

அத்தனை கண்களுக்கு முன்னால் மூட்டையை எப்படி இறக்குவது? ஓமுர்பெக் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கால் நீட்ட இடமில்லை. கழுத்துக்குப் பின்னால் அலாஸ்காக் கம்பளி உறுத்தியது. சமோவார் கொதித்தது, சீறியது, புகைந்தது, உருளத் தொடங்கியது. கூட்டம் கூடவே ஓடி வந்தது. ஓடுபாதை முடியும் இடத்துக்கு வந்ததும் ஓமுர்பெக் பிடியைத் தன் வயிற்றில் புதையும் வரை இழுத்தார்.

சமோவார் எழும்பவில்லை. ஓடுபாதையைத் தாண்டி, வாய்க்காலைக் குலுங்கிக் கடந்து, மிர்சகான் பெரியவரின் தீவனப்புல் வயலில் மாடுகளுக்கு நடுவே போய் நின்றது. ஒரு மாடு இறக்கையை முகர்ந்து பார்த்தது.

"ஒண்ணும் ஆகலை!" என்று ஓடிவந்த ஜானிபெக் கத்தினான். "சக்கரம் நல்லாருக்கு. மூட்டையை இறக்குங்க, இப்பவே போயிடலாம். இன்னும் நேரம் இருக்கு!"

ஓமுர்பெக்குக்கு உயிர் திரும்பி வந்தது. "இறக்குங்க, இறக்குங்க!"

"யார் மூட்டையை முதல்ல?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் இறங்குவது யாருடைய மூட்டையோ, அவருடைய குலம்தான் இந்த ஊரில் கடைசி என்றாகிவிடும். மேல்தெருக்காரர்கள் கீழ்த்தெருவைக் காட்டினார்கள். கீழ்த்தெருக்காரர்கள் சட்டைக் கையை மடித்தார்கள்.

"சண்டை வேணாம்," என்று அனார்கான் நடுவில் புகுந்தாள். "பெரியவங்க உக்காந்து பேசி ஒரு முடிவு சொல்லட்டும்."

பெரியவர்கள் புல்லில் ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. பாட்டன்மார் கதை தொடங்கியது. மூத்த பாட்டனுக்கு எத்தனை மனைவி, அதில் யார் பிள்ளை மூத்தவன், எவன் குதிரையை எவன் ஓட்டிக்கொண்டு போனான் என்று பேச்சு நீண்டது. ஓமுர்பெக் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உலகத்தைச் சுற்ற வேண்டியவர் ஒரு ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக எல்லா மூட்டையையும் ஒரே நேரத்தில் இறக்குவது என்று முடிவாகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி நிமிர்ந்தபோது, கணவாயின்மேல் மேகம் கட்டியிருந்தது. ரேடியோவில் ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது. நேரம் முடிந்துவிட்டதாம். அடுத்த வருஷம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமாம்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

சாயங்காலம் சமோவாரைக் கொட்டகைக்குள் தள்ளிய பிறகு, ஓமுர்பெக் அதன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். குழந்தைபோல் அழ வேண்டும் போலிருந்தது. அனார்கான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்களிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது.

தன் கனவு பொய்த்ததற்கு இவள் இப்படி உருகுகிறாளே என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருத்தியை விட்டுவிட்டுக் கடல் கடந்து போக எப்படி மனசு வந்தது என்று தன்மீதே வெட்கமாக இருந்தது.

"அழாதேம்மா," என்றார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். முகம் கழுவித் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொட்டகைக்கு வெளியே கழுதை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கலிச்சாவின் குரல்.

"கண்ணைத் தொடைடி அனார்கான், அதான் உன் மனுஷன் முழுசா தரையிலயே இருக்காரில்ல, ஆனா அடுத்த வருஷம் அவரு கிளம்பினா ஒரு மாசம் முன்னாடியே எங்களுக்குச் சொல்லிடு, இந்தத் தடவை ஆத்துல இறங்கிக் கல்லு பொறுக்கி அத்தனை மூட்டையையும் ரொப்புறதுக்குள்ள ஊருக்கே இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!"