விளக்குக்காரரும் இறங்கும் ஏணியும்

இந்த ஜென்மத்தில் கொல்லைத் தொட்டியின் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று விளக்குக்காரர் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது. மனைவியிடம் வைக்கும் விண்ணப்பமாகிவிடும்.

தெருவிளக்கு பழுதுபார்ப்பது அவர் உத்தியோகம். கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பல்பு மாற்றுவார். காற்றடித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கைதான் பயந்து பறக்கும். ஆனால் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தால் அவர் பயந்து நாலடி தள்ளிப் போய்விடுவார். இந்த விஷயம் நர்ஸ் வேலை பார்க்கும் தன் மனைவிக்குத் தெரியாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

வினை மைத்துனர் வழியாக வந்தது. அவர் வேறு வீடு மாறிப் போகும்போது தன் நீச்சல் தொட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோண்டவேண்டாத தொட்டி. தரைமேலேயே நிற்கும். வட்டமான தகரச் சுவர், உள்ளே தடித்த நீலநிற ஷீட். பூதம் ஒன்று சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த பாத்திரம் போலக் கொல்லையை அடைத்துக்கொண்டு நின்றது. தச்சர் வந்து சுவர் உயரத்துக்கு ஒரு மரமேடை கட்டிக் கொடுத்தார். மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்க ஓர் ஏணிதான் பாக்கி.

அதுவரை நர்ஸம்மா சமையலறை ஸ்டூலைத் தண்ணீருக்குள் போட்டு அதன்மேல் கால் வைத்து இறங்கினாள். இறங்கும்போது அது ஸ்டூல். ஏறும்போது அது படகு. எதிர்ச்சுவர்ப் பக்கம் மிதந்து போய்விடும். அவள் மேடையில் நெஞ்சைப் பதித்து, முழங்கை சிராய்க்க ஊர்ந்து ஏறுவாள்.

"ஏங்க, ஒரு ஏணி வாங்கணும். ஏணின்னா உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

விளக்குக்காரர் மனசுக்குள் விளக்கு எரிந்தது. ஏணி இல்லாதவரை, 'நீங்களும் வாங்களேன்' என்று யாரும் கூப்பிட முடியாது. வந்த ஏணியையெல்லாம் நொட்டை சொல்லி மழைக்காலம்வரை இழுத்துவிட்டால் தீர்ந்தது. மனைவிக்குத் தண்ணி காட்டிவிடலாம்.

முதல் கடையில் பிளாஸ்டிக் ஏணி. தண்ணீரில் மிதக்கும், உள்ளே மணல் நிரப்பித்தான் அமுக்கவேண்டும் என்றார் கடைக்காரர். "ஏணிய நாம தாங்கணும்னா அது என்ன ஏணி?" என்று விளக்குக்காரர் நகர்ந்துவிட்டார். அடுத்த கடையில் குழாய்ப்படி. ஈரக்காலுக்கு வழுக்கும், உள்ளங்காலில் வெட்டும். இன்னொன்றுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. இன்னொன்றுக்கு ரப்பர் பாதம் கிடையாது, ஷீட்டைக் கிழித்துவிடும். வேறொன்றை மேடைப் பலகையில்தான் திருகமுடியும். பலகையை நம்பி ஏணி வைக்கலாமா? அடியில் இருக்கும் சட்டத்தோடு சேர்த்து முடுக்கவேண்டும். கடைக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

நர்ஸம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீடு திரும்பும் வழியில், "நீங்க இல்லாட்டி எதையாவது வாங்கி ஏமாந்திருப்பேன்" என்பாள். அப்புறம் மெதுவாக, படி எவ்வளவு அகலம் இருந்தால் நல்லது, கைப்பிடி எவ்வளவு உயரம் வரலாம் என்று கேட்பாள். அவர் உற்சாகமாக விளக்குவார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ்கள் நோயாளியிடம் வீட்டு சௌக்கியம் விசாரிப்பார்கள் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. நீளமான பெட்டி ஒன்றை இறக்கினார்கள். விளக்குக்காரர் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் தடவிப் பார்த்தார். பளபளவென்று ஸ்டீல். பாதம் முழுசாகப் பதியும் அகலப்படி, வழுக்காத வரிகள். இரண்டு பக்கமும் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த கைப்பிடி. கீழே கறுப்பு ரப்பர் பாதங்கள்.

"கடையில இப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுட்டாங்க. அதான் நீங்க சொன்னதையெல்லாம் பட்டறையில சொல்லிச் செய்யச் சொன்னேன்" என்றாள்.

குறை தேடினார். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது அவர் வாயிலிருந்து பிறந்த பிள்ளை. பெற்ற பிள்ளையை நொட்டை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மாட்ட ஆரம்பித்ததும் பயம் எங்கோ போய்விட்டது. அடித்தகடுகளை மேடையில் வைத்துக் குறி போட்டார். மேடைக்கடியில் தவழ்ந்து போய்ச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். துளை போட்டு, போல்ட்டை இறக்கி, வாஷர் கொடுத்து, நட்டை முடுக்கினார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேடை அசைந்தது, பக்கத்து வீட்டு வேலிகூட அசைந்த மாதிரி இருந்தது. ஏணி மேடையை விட்டு அசையவில்லை. தன் வேலையைத் தானே வியந்து நின்றார்.

நர்ஸம்மா தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தாள். "பாதம் ரெண்டும் தரையில சரியா உக்காந்திருக்கான்னு மேலேருந்து தெரியலீங்க. நான் இறங்கிப் பாக்கட்டுமா?"

சோதிக்காத ஏணியில் அடுத்தவரை ஏற்றுவது அவர் தொழிலில் மகாபாவம். புத்தி தடுப்பதற்குள் வாய் முந்திவிட்டது. "கூடாது. கட்டினவன்தான் முதல்ல கால் வைக்கணும்."

"சரிங்க" என்று விலகி நின்றாள். அவருடைய அரைக்கால் சட்டை ஏற்கெனவே மேடைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாழ்நாளெல்லாம் ஏணியில் ஏறிய மனுஷன் முதல்முறையாக ஏணியில் மூழ்கினார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. தரை தட்டியது. ஏணி நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. அவர் கைகள்தான் கைப்பிடியோடு வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டன. நர்ஸம்மா மேடை விளிம்பிலிருந்து சத்தமில்லாமல் வழுக்கி இறங்கிப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார், தண்ணீருக்குக் கேட்காத குரலில்.

"தெரியும்ங்க."

"எப்போலேருந்து?"

"முதல் ஏணிய வேணாம்னீங்களே, அப்பவே. நான் இதுல தனியா மிதக்கிறதும், நீங்க மேல நின்னு டீ வேணுமான்னு கேக்கிறதும் எனக்குப் பிடிக்கல. கைய விடுங்க. நீங்க கட்டின ஏணி எங்கயும் போகாது."

நோயாளியைக் கட்டில் மாற்றும் பக்குவத்தோடு பிடரிக்கடியில் ஒரு கை, முதுகுக்கடியில் ஒரு கை கொடுத்தாள். அவர் விட்டார். காது தண்ணீருக்குள் போனதும் தெருச்சத்தம் சுவிட்ச் போட்டதுபோல நின்றது. உடம்பின் கனம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தலைக்குமேல் வானம். எத்தனையோ கம்பங்களின் உச்சியில் அந்த வானத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஆனால் எப்போதும் ஒரு கை கம்பத்தில், கண் பல்பில். இரண்டு கையும் சும்மா இருக்க அதை அவர் பார்த்ததே இல்லை. அது இவ்வளவு பெரிதென்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

முதுகுக்கடியில் இருந்த கை எப்போது போனதென்று தெரியாது. தலையைத் திருப்பினார். அவள் எட்டத்தில், கண்ணை மூடி, தண்ணீர்மேல் படுத்திருந்தாள், மெத்தையில் படுத்த மாதிரி. இப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்துகொண்டு, இவளுக்கா தண்ணி காட்டப் பார்த்தோம் என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இனிமே தினமும் வர்றேன்" என்றார்.

"நிசமாவா?"

"சத்தியமா."

நர்ஸம்மா ஏணியில் ஏறி மேடைக்குப் போனாள். கூந்தலைப் பிழிந்துகொண்டாள். நீளக்கழி போட்ட பிரஷ் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப அடியில பிடிச்சிருக்கிற பாசிய இனிமே நீங்களே தேச்சிடுங்க."