கேர்னல வெட்டி குட்டி சீடிக்குள்ள போட்ட கதை

செவ்வாக்கெழம எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். ஸ்கூலுக்கு வந்த பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் ஏத்தணும்.

நான் லிந்துலை பக்கம் ஒரு தேயிலத் தோட்ட ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கிற ஐசிடி டீச்சர். எங்க ஸ்கூல் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரரு. யாரோ குடுத்த அந்தக் கம்ப்யூட்டர் வந்து எறங்கின கையோட என்னைய கூப்பிட்டாரு.

"டீச்சர், வெள்ளிக்கிழமை கொம்பியூட்டர் அறையைத் திறக்கிறம். பெற்றாருக்கும் சொல்லிப்போட்டன். உங்களால ஏலும்தானே?"

"அரை மணித்தியால வேல சேர்"ன்னேன். இந்த வாய் இருக்கே.

அந்தக் கம்ப்யூட்டர் பென் டிரைவ மதிக்கவே இல்ல. சீடி போட்டாத்தான் எந்திரிக்குமாம். இந்தக் காலத்துல வெறும் சீடிக்கு எங்க போறது? தலவாக்கலையில நாலு கடை ஏறி எறங்கி, கடைசியா ஹட்டன்ல ஒரு ஸ்டூடியோவுல மூணு கெடச்சுச்சு. உள்ளங்கை அளவு குட்டி சீடி.

"பெருசு இல்லீங்களா?"

"இப்ப கலியாண வீடியோவே போன்லதான் அனுப்புறோம் டீச்சர். இதுவே மேச லாச்சிய சுத்தம் பண்ணப்ப ஆப்புட்டது."

வீட்டுக்கு வந்து பாத்தா, லினக்ஸ் சிஸ்டம் அந்த சீடி கொள்ளுறதவிட பெருசு. வேற யாராச்சும்னா யாரையாவது கண்டிக்கு அனுப்பி பெரிய சீடி வாங்கியிருப்பாங்க. நான் படிச்சவ. கேர்னல வெட்டலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

கேர்னல்ங்கிறது சிஸ்டத்தோட அடி மூளை. கீபோர்ட்னா என்ன, கேமரான்னா என்ன, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கிறது அதுதான். உலகத்துல உள்ள அத்தன சாமானும் அந்தப் பட்டியல்ல இருக்கு. நமக்கு வேணாததை எடுத்துட்டு திருப்பி செஞ்சா சின்னதாயிரும்.

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. காலையிலேயே ஒக்காந்தேன். கப்பலுக்கு வைக்கிற ரேடியோ, வெளயாட்டு ஸ்டியரிங், பேரே கேள்விப்படாத மெஷின் எல்லாத்தையும் தூக்கினேன். அவ்வளவு சந்தோஷமா நான் வீட்ட கூட கூட்டினது இல்ல.

வெட்டினத என் லேப்டாப் திருப்பி செஞ்சு முடிக்க அஞ்சு மணித்தியாலம் ஆச்சு. அது சூடேறி மூச்சு வாங்குது. வெளிய ஒரே மழை. என் வீட்டுக்காரரு வந்து தொட்டுப் பாத்துட்டு, மகளோட ஸ்கூல் சாக்ஸ் ரெண்டையும் அது பக்கத்துல காயப் போட்டாரு.

"என்னங்க இது?"

"ஏதாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும்."

சாயங்காலம் சீடியில எழுதி லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். சோக்கா ஓடுச்சு. சாக்ஸும் காஞ்சிருந்துச்சு.

வியாழக்கெழம ஸ்கூல்ல அதிபர் பக்கத்துல நிக்க, சீடிய உள்ள தள்ளினேன். திரை வந்துச்சு. மொழிய தெரிவு செய்னுச்சு. கீபோர்ட தட்டினேன். அசையல. பலமா தட்டினேன். அப்பவும் அசையல.

லேப்டாப்போட சொந்த கீபோர்ட் வேற ரகம். இது யூஎஸ்பி கீபோர்ட். அந்த ரகத்த வெளயாட்டு சாமான்னு நெனச்சு நான்தான் தூக்கியிருந்தேன்.

"என்ன டீச்சர், பழுதோ?"

"கீபோர்ட மறந்துருச்சு சேர்."

"ஆர், கொம்பியூட்டரோ?"

"நான் சேர்."

ஓய்வறையில லேப்டாப்போட ஒக்காந்து கீபோர்ட திருப்பி சேத்தேன். மாத்தினத மட்டும் செஞ்சா போதும்கிறதால இந்தத் தடவ அஞ்சு மணித்தியாலம் ஆகல. இப்ப இடம் பத்தல. அவசரத்துல வேற எதையோ தூக்கி, ரெண்டாவது சீடிய எழுதி ஓடினேன். இந்தத் தடவ கீபோர்ட் வேல செஞ்சுச்சு. நான் சிரிச்சேன். அதிபரும் சிரிச்சாரு. அடுத்த திரையில, 'சீடிய உள்ள போடவும்'னு வந்துச்சு.

"சீடி உள்ளுக்கைதானே கிடக்கு டீச்சர்?"

"ஆமா சேர்."

"அந்தச் சீடியில இருந்துதானே இது எழும்பினது?"

"ஆமா சேர். எழும்பின பொறகு சீடின்னா என்னன்னு தெரியல அதுக்கு."

அதையும் நான்தான் தூக்கியிருந்தேன். அதிபர், "நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடி தேடுற மாதிரிக் கிடக்கு"ன்னுட்டு வகுப்புக்குப் போயிட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மிச்சம் ஒரே ஒரு சீடி. இந்தத் தடவ ரிஸ்க் எடுக்கல. கீபோர்ட், சீடி, டிஸ்க், திரை. இந்த நாலத் தவிர கண்ணுல பட்ட எல்லாத்தையும் தூக்கினேன். வெள்ளிக்கெழம காலையில போட்டேன். ஏறிருச்சு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

பத்து மணிக்கு ரிப்பன் வெட்டினாங்க. இருபது அம்மாமாரு வந்திருந்தாங்க, எல்லாம் மலையில அரை நாள் வேலைய விட்டுட்டு வந்தவங்க. எட்டாம் வகுப்பு பிள்ளையோட அம்மா செல்வராணி அக்கா முன்னுக்கு வந்தாங்க.

"டீச்சர், கொழும்புல கடையில நிக்கிற மகன்கூட இதுல மொகத்தப் பாத்து பேசலாமா?"

"கேமராவ எடுத்துட்டேன் அக்கா."

"சும்மா குரல் மட்டும்?"

"சத்தமும் வராது. நெட்டும் இல்ல."

"பிள்ளைங்களுக்கு பேப்பர் அடிச்சு எடுக்கலாமா?"

"பிரிண்டரையும் எடுத்துட்டேன்."

அக்கா கோபப்படல. எனக்கு ஏதாவது ஒதவி செய்யணும்னு நெனச்சாங்க போல. திரைய நல்லா உத்துப் பாத்தாங்க.

"மணி காட்டுது டீச்சர்"ன்னாங்க.

"ஆமாக்கா, மணி காட்டும்."

"நாலரைன்னு காட்டுது."

எந்த நாட்டுல எத்தன மணின்னு சொல்ற ஃபைலையும் தூக்கியிருக்கேன். அது பாட்டுக்கு இங்கிலாந்து மணிய காட்டிக்கிட்டு இருக்கு. அதை வெளக்கிச் சொன்னேன். அக்கா பொறுமையா கேட்டாங்க.

"நாலரைன்னா நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல டீச்சர்"ன்னுட்டு, கொழுந்து எடுக்க கெளம்பிட்டாங்க.