கூப்பிடு தூரத்தில் ஒரு மனிதர்

என் மாமனார் காஸ்பார் எங்கள் வீட்டுக்குக் குடிவரக் கூடாது. இதை நானே முன்மொழிந்து, நானே வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றியிருந்தேன்.

நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே அறை. அது என் படிப்பறை. செயற்கை நுண்ணறிவு மனிதர்களுக்குக் கெடுதல் செய்யாமலிருக்க, இங்கே ஜெனீவாவில் ஒரு குழு உலகத்துக்கே தர விதிகள் எழுதுகிறது. அதில் என் பங்கு முழுக்க அந்த அறையில்தான் பிறக்கிறது. நான் அங்கே தூங்குகிறேன் என்பது என் மனைவி சோலாஞ்ஜின் கட்சி. அவள் அதே குழுவில் மொழிபெயர்ப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்வாள். கூட்டத்திலும் சரி, வீட்டிலும் சரி, என் வார்த்தைக்கு அவள் சொல்வதுதான் பொருள்.

போன மாதம் மாமா, பக்கத்து ஊரான கரூஜில் தன் வீட்டுச் சமையலறையில் விழுந்துவிட்டார். காலை முழுக்கத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டியபோதும், "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் வாங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சோலாஞ்ஜ் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துடலாம். உன் அறைய ஒழிச்சுக் குடு."

தொண்டை உடனே சரியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சாப்பாடு. ஏரிமீன் வறுவல். என் திட்டத்தை எடுத்து வைத்தேன்.

"கூரையில ஒரு கருவி மாட்டிடலாம் மாமா. நீங்க விழுந்தா அதுவே கண்டுபிடிச்சிடும்."

"நாள் பூரா என்னையே பாத்துட்டு இருக்குமா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. வெறும் இயந்திரம்."

"யாருமே பாக்கலைன்னா, விழுந்தவன யாருப்பா தூக்குவா?"

முள்கரண்டியால் கூரையைச் சுட்டிக் கேட்டார் மாமா.

"ஏமோன்," என்றாள் சோலாஞ்ஜ். "இந்த மாதிரிக் கருவிக்கு உன் விதி என்ன சொல்லுது?"

"கூப்பிடு தூரத்துல, பேர் குறிச்ச ஒரு மனுஷன் பொறுப்பா இருக்கணும்."

அந்த விதிக்காகக் கம்பெனிக்காரர்களோடு மேசையைக் குத்திச் சண்டை போட்டவன் நான். அதை மொழிபெயர்க்கும்போது அவள் குரல் உடைந்ததை அவையே கேட்டது.

"அந்த மனுஷன் பேரு?"

நான் மீனைப் பார்த்தேன்.

"சரி. அப்பா நம்ம வீட்டுக்கு வர்றார். எதிர்ப்பு உண்டா?"

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சோலாஞ்ஜ் அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

"உண்டு!" என்றேன் நான்.

"மாற்று வாசகம்?"

எங்கள் குழுவின் வழக்கம் அது. எதிர்க்கிறவன் கையோடு மாற்று வாசகம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அவன் எதிர்ப்பு கணக்கில் வராது. சும்மா இருப்பவன் சம்மதித்தவன். என் படிப்பறை, அந்தச் சாய்வு நாற்காலி, எல்லாம் கண்முன் வந்து கெஞ்சின.

"மாற்று வாசகம்... நான் இங்க வந்து தங்கிக்கறேன்!"

"அப்பா, உங்களுக்கு எதிர்ப்பு?"

மாமா மென்றுகொண்டிருந்தார்.

"எதிர்ப்பு இல்ல. நிறைவேறிடுச்சு," என்றாள் சோலாஞ்ஜ்.

மாமா வீட்டுக்குப் போக என் பெட்டியோடு டிராமுக்குக் காத்திருந்தபோது, வழியனுப்ப வந்த சோலாஞ்ஜிடம் ஜெயித்த தாராளத்தில் கேட்டேன்.

"நம்ம வீட்டுக்கு வர முடியலைன்னு மாமாவுக்கு வருத்தமா?"

"அவர் எப்ப வர்றேன்னார்? ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். கரூஜ விட்டு அசைய மாட்டேன்னுட்டார்."

"அப்ப என் அறைய ஏன் கேட்ட?"

"பெருசா ஒண்ணக் கேட்டாத்தான் நீ சின்னதா ஒண்ணக் குடுப்ப. உன் பேச்சத்தானே இத்தனை வருஷமா மொழிபெயர்க்கிறேன்?"

இப்போது கரூஜில், இரவில் மாமா இருமினால் எழுந்து போகிறேன். என் கையை அவர் இறுக்கிப் பிடிக்கும்போது, அந்த விதிக்காகச் சண்டை போட்டது நல்லதுதான் என்று நிஜமாகவே தோன்றுகிறது.

என் படிப்பறையில் சோலாஞ்ஜ் பியானோ வாங்கிப் போட்டுவிட்டாள். எதிர்ப்பு உண்டா என்று முறையாகக் கேட்டாளாம்; வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.