மூன்று மெழுகும் நாலு சாக்கும்

இந்த வருஷம் என் காரில் ஒரு கோழியும் ஏறாது. புளி ஏறாது. பலாப்பழம் ஏறவே ஏறாது.

தவக்காலத்தின் நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில், காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, லூர்துராஜ் ஆகிய நான் இப்படி ஒரு சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற துணிச்சல் இருந்திருந்தால் முப்பத்திநாலு வருஷக் கல்யாண வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும்.

விஷயம் இதுதான். என் மனைவி ஈவ்லினுக்குப் பிறந்த ஊர் மார்டள்ளி. நாங்கள் இருக்கிற மைசூரிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். போகும்போது அவளும் நானும். வரும்போது அவள், நான், நாலு சாக்குப் புளியும் ராகியும், ஒரு பலாப்பழம், ஈஸ்டர் குழம்புக்குக் கோழி. போன வருஷம் வந்த சேவல் கொள்ளேகால் தாண்டுவதற்குள் கட்டை அவிழ்த்துக்கொண்டு என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மைசூர் வரைக்கும் அதுதான் எனக்கு வழி சொன்னது. பலாப்பழ வாசனை ஜூன் மாதம்தான் இறங்கியது.

கருநீலக் கார். ரிடையர் ஆன அன்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு. அதை லாரி ஆக்க விடுவேனா?

நேராக மைசூர் அக்ரஹாரம் கடைத்தெருவுக்குப் போனேன். கார் சாமான் விற்கிற கடையில் மூன்று தினுசு மெழுகு வாங்கினேன். ஒன்று வட்டமான டப்பாவில் கெட்டியாக இருப்பது. ஒன்று பாட்டிலில் தயிர் மாதிரி ஊற்றுவது. ஒன்று புஸ் புஸ் என்று அடிக்கிற ஸ்பிரே.

“இதில எதுங்க நல்லது?”

“மூணும் நல்லது சார். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். பில்லை மட்டும் தொலைச்சுடாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன்.

“ஈவ்லின், ஒரு முக்கியமான டெஸ்ட் பண்ணப்போறேன்.”

“சுகரா?”

“எனக்கில்ல. காருக்கு.”

“காருக்கு சுகரா?”

“மூணு மெழுகு வாங்கியிருக்கேன். எது பார்க்க நல்லா இருக்கு, எது போட சுலபம், எது ரொம்ப நாள் தாங்கும், மூணையும் ஆராய்ச்சி பண்ணப்போறேன்.”

“பண்ணுங்க. நல்லதுதானே.”

“ஆனா ஒண்ணு. பத்து நாளைக்கு வண்டியை அசைக்கக் கூடாது.”

“யார் சொன்னது?”

“டப்பாவில போட்டிருக்கு.”

“எங்க, காட்டுங்க.”

“ஜப்பான் பாஷையில போட்டிருக்கு.”

“உங்களுக்கு எப்ப இருந்துங்க ஜப்பான் பாஷை தெரியும்?”

“படம் போட்டிருக்கான். ஒரு கார். பக்கத்தில பத்து.”

ஈவ்லின் முப்பது வருஷம் ஹைஸ்கூல் டீச்சர். ஹோம்வொர்க் நோட்டை நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று வைத்திருக்கிறாள். அதை மூக்குக்கண்ணாடிக்கு மேல் வழியாக அனுப்பினாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

“சரிங்க,” என்றாள். “நான் பஸ்ல போய்க்கிறேன். ஒரு வாரமோ பத்து நாளோ இருந்துட்டு வர்றேன்.”

அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அவள் பையைத் தூக்கிக் கொடுத்தேன். லேசாக இருந்தது. ரெண்டு புடவை, செபமாலை, மடித்து வைத்த நாலு காலிச் சாக்கு. நாலு சாக்கு மூட்டையை பஸ்ஸில் எப்படி ஏற்றுவாள்? அது கண்டக்டரின் கவலை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அன்று மத்தியானம் பானெட்டில் டேப் ஒட்டி மூன்று பட்டையாகப் பிரித்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். பார்வை, சுலபம், தாங்கும் காலம். நாலாவதாக ‘மாத்தணுமா?’ என்று ஒரு கட்டம். கடைக்காரர் சொன்னாரே.

டப்பா மெழுகைத் தேய்த்துத் தேய்த்து வலது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. ஆனால் பளபளப்பு என்றால் அதுதான் பளபளப்பு. சுலபத்துக்கு ரெண்டு மார்க், பார்வைக்கு ஒன்பது. பாட்டில் மெழுகு ரெண்டுக்கும் ஆறு ஆறு, நம் வீட்டில் நான் இருக்கிற மாதிரி நடுவாந்தரம். ஸ்பிரே அடிப்பது சின்னக் குழந்தை வேலை. அடித்துத் துடைத்தால் முடிந்தது, ஆனால் மினுக்கம் ஒப்புக்குத்தான். சுலபத்துக்குப் பத்து, பார்வைக்கு நாலு. செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். மூன்று பட்டையிலும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஐயோ, எவ்வளவு அழகு!

“ஈவ்லின், இங்க வந்து பாரேன்!” என்று கூப்பிட்டுவிட்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டு லிங்கப்பன் கேட்டருகே வந்து நின்றார். ஒரு ஆளாவது வந்தாரே என்று துள்ளிக்கொண்டு போனேன்.

“ஏன் சார், காடி தொளெத்ரா?”

கார் கழுவினீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறார். மூன்று மணி நேரம் தேய்த்திருக்கிறேன். கழுவினேனா என்கிறார்! நான் டப்பா மெழுகைப் பற்றி ஆரம்பித்தேன். பாட்டிலுக்கு வருவதற்குள் அவருக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான். “டீச்சர் எங்க?” ஊருக்குப் போயிருக்கிறாள் என்றதும் “அப்படியா” என்று நகர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் கனடாவிலிருந்து மகன் டேவிஸ் கூப்பிட்டான்.

“அம்மா இல்லையாப்பா?”

“மார்டள்ளி போயிருக்கா. நான் இருக்கேன்டா.”

“சரிப்பா, அம்மா வந்ததும் பண்றேன்.”

திங்கட்கிழமை நான் ஈவ்லினுக்கு போன் போட்டேன். “புளி உலுக்குறாங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். நான் காபி போட்டேன். கைப்பழக்கத்தில் ரெண்டு டம்ளர். ரெண்டையும் நானே குடித்தேன். சாதமும் இரண்டு பேருக்கு வெந்திருந்தது. அவள் இருந்தால் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். குழாய் சொட்டுகிறது, பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், பக்கத்துத் தெருவில் யாருக்கோ கல்யாணம். எப்போது நிறுத்துவாள் என்று காத்திருப்பேன். இப்போது குழாய் மட்டும் சொட்டியது.

பானெட் முன்னால் போய் நின்றேன். டப்பா மெழுகில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. பாட்டில் மெழுகில் கொஞ்சம் மங்கல். ஸ்பிரேயில் மூக்கும் மீசையும் மட்டும். ஒரே கிழவன், மூன்று தினுசில். மூன்று பேர் நிற்கிறோம், பேசத்தான் ஆளில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அழுகை வந்தது. பளபளப்பைப் பார்த்து “நல்லாருக்குங்க” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நானே ஜப்பான் பாஷையில் பொய் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

போய்க் கூட்டி வந்துவிடலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது? வண்டியை அசைக்கக் கூடாது என்று சொன்ன வாய் இது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“ஏனுங்க, டெஸ்ட்டு எப்படிப் போகுது?”

அப்பாடா! கேட்டுவிட்டாள்! அரை மணி நேரம் பேசினேன். டப்பா, பாட்டில், ஸ்பிரே, தோள்பட்டை, தண்ணீர் முத்து ஒன்றையும் விடவில்லை. “ம்”, “அப்படிங்களா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முப்பத்திநாலு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் கேட்டு நான் பேசியது அன்றுதான்.

“ஒரு சந்தேகமுங்க. வண்டி எங்க நிக்குது?”

“போர்ட்டிகோவில. நிழல்ல.”

“நிழல்ல நிறுத்தி வச்சா தாங்குமா தாங்காதான்னு எப்படிங்க தெரியும்? வெயில், தூசி, மேடு பள்ளம் எல்லாம் பார்த்தாத்தானே?”

கண்ணுக்கு முன்னால் ஹனூர் தாண்டி மார்டள்ளிக்குப் போகிற தூசி ரோடு விரிந்தது.

“அதுக்காக இங்க எல்லாம் கிளம்பி வந்துடாதீங்க,” என்றாள் அவசரமாக. “நல்ல மெழுகு சும்னே வீணாப் போயிடும். நான் பத்து நாள் இருந்துட்டு வர்றேன்.”

வராதே என்கிறாளா! ஆராய்ச்சிக்காக நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். அதைத் தடுக்க இவள் யார்? புதன்கிழமை விடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மெழுகின் நன்மைக்காகத்தான். வழியெல்லாம் விசில் அடித்தது கூட மெழுகுக்காகத்தான்.

மார்டள்ளி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மச்சினன் ரத்தினசாமி வீட்டு வாசலில் நாலு சாக்கு, வாய் தைத்து, வரிசையாக நின்றது. மேலே பலாப்பழம். பக்கத்தில் கூடைக்கு அடியில் ரெண்டு கோழி. அதற்குப் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈவ்லின்.

“வாங்க மாமா, வாங்க!” ரத்தினசாமி ஓடி வந்தான். “நேத்தே வருவீங்கன்னு அக்கா சொல்லிச்சு. மூணு நாளுக்கு மேல தாங்க மாட்டாருன்னுச்சு. ஒரு நாள் சேர்த்தே தாங்கிட்டீங்க மாமா!”

“நான் டெஸ்ட்டுக்கு வந்தேன்,” என்றேன்.

“தெரியுமுங்க,” என்றாள் ஈவ்லின். “லோடு இல்லாம என்ன டெஸ்ட்டு? டிக்கியைத் திறங்க.”

திறந்தேன். சாக்கு ஏறியது. பலாப்பழம் பின் சீட்டில் மகாராஜாவாக உட்கார்ந்தது. ரத்தினசாமி கோழியைப் பிடிக்கப் போனான். ஒன்று அவன் கையிலிருந்து நழுவி நேராகப் பறந்து என் பானெட்டில் இறங்கியது. டப்பா மெழுகுப் பட்டையில் கால் வைத்ததும் சர்ரென்று வழுக்கிப் பாட்டில் பட்டைக்கு வந்தது. அங்கே ரெண்டு கால்களும் ரெண்டு பக்கம் போயின. றெக்கையை அடித்து ஸ்பிரே பட்டைக்குத் தாவியது. அங்கே அமைதியாக நின்றது. என்னைப் பார்த்தது. காரியத்தை முடித்தது.

“சோதனை முடிஞ்சுதுங்க,” என்றாள் ஈவ்லின். “கோழி நிக்க முடியாததுதான் நல்ல மெழுகு. அந்த நோட்டை இப்படிக் கொடுங்க.”

அப்புறம் பானெட்டைக் குனிந்து பார்த்தாள். தூசிக்கு நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். உள்ளே பளிச்சென்று இருந்தது.

“நல்லாருக்குங்க,” என்றாள்.

அதற்கு அப்புறம் ரெண்டு கோழியை என்ன, ஊர்க் கோழி அத்தனையையும் ஏற்றச் சொல்லியிருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். புளி விளைச்சல், ரத்தினசாமியின் போர்வெல், யார் வீட்டில் யாருக்குச் சண்டை. பேசிக்கொண்டே, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற சிவப்புப் பேனாவால் என் நோட்டில் என்னவோ எழுதினாள். கொள்ளேகாலில் டீக்கு நிறுத்தினேன். அவள் இறங்கிப் போனதும் நோட்டைத் திறந்தேன்.

மூன்று மெழுகுக்கும் கீழே நாலாவதாக ஒரு வரிசை இருந்தது. டீச்சர் கையெழுத்து, குண்டு குண்டாக.

லூர்துராஜ். பார்வை: பத்துக்கு நாலு. சுலபம்: பத்துக்குப் பத்து. தாங்கும் காலம்: நாலு நாள்.

மாத்தணுமா?: முடியாது, பில் தொலைஞ்சு போச்சு.