மூன்றைக் கழிக்க மாட்டேன்

"சும்மா கிடக்கிற பஸ்ல மூணு எப்படிம்மா வரும்?" என்றார் மேலாளர்.

அவருடைய அறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. அதில் திறந்திருந்த அலுவலக இணையப் பக்கத்தில் ஒரே ஓர் எண். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"வருதே சார்," என்றாள் அவள்.

இது சாலையில் ஓடும் பஸ் இல்லை. சிப்புக்குள் இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் செய்யும் பாதைக்கும் பஸ் என்றுதான் பெயர். நொடிக்கு எத்தனை தடவை அதில் போக்குவரத்து நடக்கிறது என்று எண்ணிச் சொல்ல சிப்புக்குள்ளேயே கவுன்ட்டர்கள் உண்டு. அவை எண்ணியதைக் கேட்டு வாங்கி வெளியே சொல்வதற்கு ஒரு டிரைவர் நிரல் வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அந்த நிரலை எழுதியவள் அவள். அலுவலகத்தில் அவளுக்கு டிரைவரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பிள்ளை வளர்ப்பில் ஒன்பது வருடம் போன பிறகு வேலைக்குத் திரும்பியவள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதே நாளில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து டிரைவரைப் பார்க்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் வீடுதான்.

"போன வாரம் என் மேஜையில பூஜ்யம்தான் சார் காட்டுச்சு."

"போன வாரம் நான் பார்க்கலையே. நான் பார்க்கிறப்ப மூணு காட்டுது. பேசாம மூணைக் கழிச்சிருங்க. ஒரே ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகுது?"

"கழிக்க மாட்டேன் சார்."

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த வார்த்தையை அவர் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"ஏற்கெனவே ஒண்ணு கழிச்சிருக்கீங்கதானே?"

"அது என் டிரைவர் நொடிக்கு ஒரு தடவை கவுன்ட்டரைப் படிக்கிறதுக்காக; படிக்கிறதும் அந்த பஸ் வழியாத்தான். அது யாருன்னு எனக்குத் தெரியும், கழிச்சேன். இந்த மூணும் யாருன்னு தெரியாது. முகம் தெரியாதவங்களை நான் எப்படி சார் இல்லைன்னு சொல்றது?"

"அப்ப கண்டுபிடிங்க," என்றார் மேலாளர். சொன்ன கையோடு தன் குழுவுக்கு ஒரு மின்னஞ்சலும் தட்டிவிட்டார். 'பஸ் கவுன்ட்டரில் கோளாறு. சரிசெய்யும் பணி நடக்கிறது. எண்ணை நம் அலுவலக இணையப் பக்கத்தில் அனைவரும் கவனிக்கவும்.'

அவளுக்கு முதல் சந்தேகம், சிப்பைப் பொருத்தியிருந்த சோதனைப் போர்டில் திரையை இயக்கும் பகுதியின் மேல். அதை நிறுத்தினாள். எண் பத்தொன்பதாயிற்று.

"மூணு இருந்துச்சு. நல்லா இருந்துச்சு," என்றார் மேலாளர் ஏக்கத்தோடு.

செவ்வாய்க்கிழமை போர்டையே மாற்றினாள். உறை பிரிக்காத புத்தம் புதுப் போர்டு. அதைப் பக்கத்துக் குழுக்களுக்கும் மேலாளர் பெருமையாக அறிவித்தார். புதுப் போர்டு நாற்பத்தொன்று காட்டியது.

புதன்கிழமை சிப்பை வடிவமைத்தவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் குறை சொல்லக் கேட்ட தகப்பனைப் போல முகம் சிவந்திருந்தது.

"என் பஸ்ல போக்குவரத்து இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"என் பஸ் சுத்தம்மா! சும்மா இருன்னா சும்மா இருக்கும். உங்க டிரைவருக்குத்தான் எண்ணத் தெரியலை."

"ஒண்ணு விடாம எண்ணத் தெரிஞ்சதுதான் சார் இங்க பிரச்சினையே."

"அப்படியா? இனிமே என் ஆளுங்க அத்தனை பேரும் கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டே இருப்பாங்க. பஸ் மேல தப்பில்லைன்னு நான் நிரூபிக்கிறேன்."

அவர் மாடியேறிப் போன பத்தாவது நிமிடம் எண் தொண்ணூற்றேழு.

அவள் அசரவில்லை. ஒலிப் பகுதி, கேமராப் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். கடைசியில் அந்தப் போர்டு குடிமாறிப் போன வீடு மாதிரி ஆகிவிட்டது. எண் மட்டும் குடக்கூலிக்காரன் போல நகர மறுத்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு ஓர் அதிசயம் நடந்தது. தொண்ணூற்றேழு மளமளவென்று இறங்கி எட்டில் வந்து நின்றது. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மேலாளரைக் கூப்பிட கேன்டீனுக்கு ஓடினாள். வாயைத் துடைத்தபடி மேலாளர் வருவதற்குள் எண் மறுபடி ஏறிவிட்டது.

"இப்ப எட்டு காட்டுச்சு சார்! எல்லாரும் சாப்பிடப் போயிருந்தப்ப!"

"அப்ப போர்டும் சாப்பிடப் போயிருச்சா?"

சிப்பை வடிவமைத்தவர் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். சூடு. மதிய நேரத்தில் சூட்டில் ஏதோ மாறுகிறதாம். ஒரு மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்து போர்டின் முன்னால் வைத்தார்கள். போர்டு காற்று வாங்கும் படத்தை யாரோ எடுத்து அலுவலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் எண் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை மாலை வீட்டில் அவள் தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவர் பழக்கடை வைத்திருப்பவர்.

"ஒரு வரி எழுதிக் கழிச்சுட்டு வந்திருக்கலாம்ல? வேலை நிரந்தரமாயிரும்," என்றார்.

"உங்க தராசு காலியா இருக்கிறப்ப நூறு கிராம் காட்டுனா என்ன பண்ணுவீங்க? அதைக் கழிச்சுட்டு எடை போடுவீங்களா?"

"ஆமா. தினமும் அதைத்தானே பண்றேன்."

அவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஒன்பது வருஷம் கழிச்சு நான் எழுதின முதல் உருப்படியான வேலைங்க இது. இதைப் பொய் சொல்ல வச்சுத்தான் எனக்கு வேலை கிடைக்கணும்னா, அந்த வேலை எனக்கு வேண்டாம்."

கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கடைக்குப் புதுத் தராசு வாங்க வேண்டும் என்று மட்டும் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அதிகம் பேசாத ரகம். கிளை அலுவலகங்கள் அத்தனையும் இந்த நேரத்தில் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மேலாளருக்குக் காலையிலிருந்தே வியர்த்துக்கொண்டிருந்தது. போர்டின் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரையில் முன்னூற்றுப் பன்னிரண்டு.

மேலாளர் அவள் காதருகே குனிந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. போய் அந்த வரியைப் போட்டுட்டு வாங்க. உங்க நிரந்தரக் கடிதத்துல நான் இன்னும் கையெழுத்துப் போடலை, ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"போடாதீங்க சார். நானும் அந்த வரியைப் போட மாட்டேன்."

அந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வரி?"

"இந்த முன்னூத்திப் பன்னெண்டைக் கழிச்சு பூஜ்யம்னு காட்டுற வரி மேடம்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போர்டுல ஏதாவது ஓடுதா?"

"எதுவும் இல்லை மேடம். எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

"அப்ப எண் தப்பா?" என்றார் அம்மையார்.

"அவங்க எண்தான் தப்பு!" என்றார் சிப்பை வடிவமைத்தவர்.

"தப்பில்லை!" அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். "இந்த பஸ்ல நொடிக்கு முன்னூத்திப் பன்னெண்டு தடவை யாரோ நிஜமாவே போயிட்டு வர்றாங்க. யாருன்னு இன்னிக்கு எனக்குத் தெரியலை, அதை ஒத்துக்கிறேன். அதுக்காக யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போட மாட்டேன். டிரைவரை ஏத்துக்கலைன்னா சொல்லிடுங்க, இப்பவே வீட்டுக்குக் கிளம்பறேன். கிளம்பினாலும் இந்த எண் சரிதான்!"

அம்மையார் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மேலாளர் யாரையும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அலுவலகப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்த இணையப் பிரிவு ஊழியர், வாயெல்லாம் பல்லாக, மடிக்கணினியை ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சார், நல்ல சேதி! நீங்க போடச் சொன்ன பக்கத்தை இந்த நொடியில சரியா முன்னூத்திப் பன்னெண்டு பேரு திறந்து வச்சிருக்காங்க, அதுவும் பழைய எண்ணே வரக்கூடாதுன்னு நீங்க சொன்ன மாதிரி, அந்தப் பக்கம் ஆளுக்கு நொடிக்கு ஒரு தடவை நேரா போர்டுக்கே போய்க் கவுன்ட்டரைப் படிச்சுட்டு வருது!"