பாலம்மாள் ஜீப்புக்கு நடந்த திருப்பணி

கொற்கையில் பாண்டியர்கள் துறைமுகம் அமைத்ததற்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் நடந்த குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி, பாலம்மாளின் ராணுவ ஜீப்பை நாங்கள் புதுப்பித்ததுதான். இடைப்பட்ட காலத்தில் நடந்தவை எல்லாம் சில்லறைச் சமாச்சாரங்கள். 'நெல்லைப் பழம்பெரும் வாகன மீட்புக் குழு'வின் செயலாளர் என்ற முறையில், மிகுந்த தன்னடக்கத்தோடு இதைச் சொல்கிறேன்.

ஜீப் சாதாரணமானதல்ல. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் ஓடியது. ஸ்டியரிங் இடப்பக்கம். போர் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது பாலம்மாளின் தாத்தா எடுத்தார். அன்று முதல் அது சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கி, அக்கரைத் தோட்டத்து வாழைத்தார்களை இக்கரைக்குச் சுமந்து வந்தது. அந்த மணலில் வேறு எந்த வண்டியும் இறங்காது. பீரங்கிச் சத்தம் கேட்ட வண்டி வாழைத்தார் சுமப்பதா? குழுவின் ரத்தம் கொதித்தது.

தலைவர் தில்லைநாயகத்தின் தலைமையில் நேரில் சென்றோம். பாலம்மாள் சேலையில் ஒட்டிய வாழைச்சருகை உதறிவிட்டு எங்களை வரவேற்றார்.

"வண்டிக்கு என்னம்மா குறை?" என்று டாக்டர் போலக் கேட்டார் தலைவர்.

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. எஞ்சின் தங்கமா ஓடுது. பிரேக்குதான் பிடிக்க மாட்டேங்கு. இந்தா, இசக்கிராஜா கல்லத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடி வந்து சக்கரத்துக்கு அண்டக் குடுக்கான். அத மட்டும் சரி பண்ணித் தந்தாப் போதும்."

பாலம்மாளின் தோட்டத்து வேலையாள் இசக்கிராஜா, கல்லோடு பணிவாக நின்றார்.

"பிரேக்கு மட்டுமா?" தலைவர் பதறிப் போனார். "முழுத் திருப்பணியே பண்ணிருவோம்!"

"திருப்பணியோ என்னமோ, தைப்பொங்கலுக்கு முந்தி வண்டி என் கைக்கு வந்துரணும். பொங்கலுக்குத் தாரு கரையேறலைன்னா அங்கனயே பழுத்து அழுவிப் போவும். ஒரு வருசப் பாடு அண்ணாச்சி."

தலைவர் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் அவர் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை.

திருப்பணி என்றால் உபயம் வேண்டும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதி வளர்ந்த பரம்பரை நாம். யார் எந்தப் பாகத்தை வாங்கித் தருகிறாரோ, அதில் அவர் பெயர் எழுதப்படும் என்று அறிவித்தோம். ஊரே திரண்டது.

பாத்திரக்கடை ஐயம்பெருமாள் முன்விளக்குகளைப் பிடித்தார். வலது விளக்கில் 'ஐயம்பெருமாள்', இடது விளக்கில் 'பாத்திர மாளிகை'. விளக்கைப் போட்டால் எதிர்ச்சுவரில் கடைப்பெயர் பளிச்சென்று விழுந்தது. சாலைதான் தெரியவில்லை. முன்கண்ணாடியை ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ராஜராஜேஸ்வரி அம்மையார், மறைந்த கணவரின் நினைவாக வழங்கினார். அன்னாரின் படமும் அத்தனை பட்டங்களும் அதில் இடம்பெற்றன. ஓட்டுபவர், அன்னாரின் மீசைக்கும் பட்டங்களுக்கும் இடையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கதவு வழங்க இரண்டு பேர் வந்தார்கள். அந்த ஜீப்புக்குக் கதவே கிடையாது. ஆனால் ஆசையோடு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வருமா? கதவு வைத்தோம்.

வேலை மேலப்பாளையத்தில் ஹாஜாவின் பட்டறையில் நடந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில், ஹாஜா கூட்டத்துக்கு நடுவே வந்து ஒரு 'பிரச்சினை'யைக் கிளப்பினார்.

"அண்ணாச்சி, பிரேக்க யாரும் எடுக்கலியே?"

"பேரு எங்கன எழுதுவீரு?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"அது சக்கரத்துக்கு உள்ளல்லா இருக்கும்."

"உள்ளயா? பொறவு யாருவே பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாவ. வண்டி நிக்கும்."

"நிக்கதுக்கு எதுக்குவே உபயம்? அது இப்ப நிக்கத்தான செய்யுது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான், ஜீப் நின்றுகொண்டிருந்தது. கூட்டம் அதை நேரில் பார்வையிட்டு உறுதி செய்தது. 'பிரேக் குறித்த பொருள், தகுந்த உபயதாரர் கிடைக்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம்.

பொங்கல் நெருங்கியது. பாலம்மாள் தினமும் போன் செய்தார். "அண்ணாச்சி, தாரு முத்திட்டு. வண்டி எப்ப வரும்?" என்பார். "பிரேக்கு போட்டாச்சா?" என்பார். "பரிசீலனையில் இருக்கிறது" என்று நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். பொதுவாழ்வில் பொறுமை முக்கியம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், ஆற்றுக்கு இறங்கும் சரிவின் உச்சியில் அர்ப்பணிப்பு விழா. நாதசுரம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. தலைவர் ஜீப்பில் ஏறி, நெஞ்சு நிமிர்த்தி, பட்டாளத்து சல்யூட் வைத்து நின்றார். போட்டோ எடுக்கும்போதுதான் அவர் கண்ணில் பட்டது, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த இசக்கிராஜாவின் கல்.

"ஏலே, விழாவுல கல்லு என்னத்துக்குலே? அதுல யாரு பேராவது இருக்கா? எடுலே அத!"

"அய்யா, எடுத்தா..."

"எடுலேங்கேன்!"

இசக்கிராஜா எடுத்தார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஜீப் பைய நகர்ந்தது. பிறகு பைய நகரவில்லை. சல்யூட்டை இறக்காமல் தலைவர் சரிவில் விரைந்து, நாணலை வகிர்ந்து, தாமிரபரணிக்குள் பிரவேசித்தார். ஜனங்கள் இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டினார்கள். நாதசுரக்காரர் வேகத்தைக் கூட்டினார். முழங்கால் தண்ணீரில், மணல் பிடித்து ஜீப் தானாக நின்றது. தலைவருக்கு மாலைகூடக் கசங்கவில்லை. முகத்தில்தான் ரத்தம் இல்லை.

பாலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நேராக வண்டியிடம் போனார்.

"இறங்கும் அண்ணாச்சி."

"பாலம்மா, இது வந்து..."

"பாதித் தூரம் நீரே கொண்டாந்துட்டீரு. மீதிய நான் பாத்துக்கிடுதேன். மணல்ல பிரேக்கு வேண்டாம், இறங்கும்."

தலைவர் மாலையோடு ஆற்றில் இறங்கி நின்றார். பாலம்மாள் இரண்டு கதவுகளையும் கழற்றி அவர் இரு கைகளிலும் கொடுத்தார். முன்கண்ணாடியை, அன்னாரின் பட்டங்களோடு அப்படியே முன்னால் மடக்கிப் படுக்கவைத்தார். எஞ்சினைக் கிளப்பினார். கல்லோடு இசக்கிராஜா பின்னால் தொற்றிக்கொள்ள, ஜீப் உறுமிக்கொண்டு அக்கரை ஏறியது. அன்று பொழுது சாய்வதற்குள் தார்கள் அத்தனையும் இக்கரை வந்து சேர்ந்தன. எங்கள் உபயதாரர் ஒருவர் பெயர்கூட வெளியே தெரியவில்லை. எல்லாவற்றையும் வாழைத்தார் மறைத்துவிட்டது. எவ்வளவு பெரிய அவமானம்!

பொங்கல் கழிந்து, நிலைமையை ஆய்வு செய்யப் போனேன். ஹாஜா புது பிரேக் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"இது யார் உபயம்?" என்று பாலம்மாளிடம் அதிகாரத்தோடு கேட்டேன்.

"எவன் உபயமும் இல்ல. நான் வாங்கிப் போட்டேன்."

"உங்க பேரையாவது எழுதியிருக்கலாமே?"

"என்னத்துக்கு அண்ணாச்சி? மிதிச்சா நிக்குது. ஏறுதீரா, சரிவுல ஒரு நட போய்ட்டு வருவோம்?"

எனக்கு அவசர வேலை இருந்தது.

பெயர் போடாமல் பொருள் வாங்கிப் போடும் இந்தப் போக்கைக் குழு வன்மையாகக் கண்டித்துள்ளது. இப்படியே போனால் நாட்டில் தர்மம் செய்ய யார் முன்வருவார்கள்?

நல்லவேளையாக, ஒரு மருத்துவமனை எங்கள் சேவையைக் கேள்விப்பட்டு, தன் பழைய ஆம்புலன்ஸைப் புதுப்பிக்கும் பொறுப்பை எங்களிடமே ஒப்படைத்திருக்கிறது. வேலை மும்முரமாக நடக்கிறது. சைரனுக்கு அடிதடியே நடந்தது. உள்கூரையில் ஐயம்பெருமாள் தன் பெயரை எழுதிவிட்டார். நோயாளி மல்லாந்து படுத்தபடியே வாசித்துக்கொண்டு போகலாம். ஆக்ஸிஜன் சிலிண்டருக்கும் உபயதாரர் கிடைத்து, தலை முதல் கால் வரை பெயர் எழுதியாகிவிட்டது.

உள்ளே நிரப்பும் ஆக்ஸிஜனுக்குத்தான் இன்னும் யாரும் வரவில்லை.