பலகையைக் கடித்தவர்

எங்கள் ஊர் புந்தோங்கில் பலகையைப் பல்லால் கடித்துப் பார்த்து வாங்கிய ஒரே தச்சர் எங்கள் கடி அண்ணன்தான். ஆட்டுக் கொட்டகையோ கோழிக் கூடோ, எதைச் செய்தாலும் மரத்தை முதலில் கடிப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வார். பல் டாக்டர் எச்சரித்தார். அண்ணன் அசைந்தால்தானே.

என் மகளின் இரண்டு முயல்களுக்கு நானே கூண்டு செய்திருந்தேன். பக்கத்து வீட்டில் தூக்கி எறிந்த, சாயம் பூசிய கதவுச் சட்டங்கள். சும்மா கிடைத்தால் விடுவேனா? ஒரு முயல் அதைக் கொறித்துக் கொறித்தே செத்துப்போனது. மற்றது தீனியைத் தொடவில்லை. மகளும் சோற்றைத் தொடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முயலை எடுத்து என் மகள் கையில் கொடுத்துவிட்டுக் கூண்டை ஒரே மிதியில் உடைத்தார். "இது கூண்டு இல்ல தங்கச்சி, வெசம். வா, கடைக்குப் போலாம்."

சிலிபின் பகுதி மரக்கடையில் ரப்பர் மரப் பலகையைக் கடித்துத் துப்பினார். "பூச்சி வராம இருக்க மருந்து ஏத்திருக்கான்."

சீன முதலாளி கெஞ்சினார். "அண்ணே, கடிக்காத லா. வேற ஆளு வாங்கணும்."

"மொசலுக்குக் கேக்கத் தெரியாது. அதுக்குப் பதிலா நான் கடிக்கிறேன். ஒனக்கென்ன?"

"கம்பி வலைய உள்பக்கமா அடிச்சிட்டா மரத்தத் தொடாதுல்ல, அண்ணே?" என்று என் மூளையைக் காட்டினேன்.

"அதுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும். கடிக்க ஒண்ணும் இல்லன்னா அது கூண்டா, ஜெயிலா?"

சட்டத்துக்குச் சாயமும் மருந்தும் படாத மெராந்தி மரம் கிடைத்தது. கூண்டின் காலுக்குச் செங்கால் மரம். இரும்பு மாதிரி இருக்கும், எந்த முயலும் அதன் பக்கம் போகாது. கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கடித்தார். முன்பல்லில் பாதி போய்விட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நல்ல மரம்," என்றார்.

வலையை வெளிப்பக்கம் அடித்தார். புழுக்கை கீழே விழுவதற்காக அடிப்பலகைகளுக்கு நடுவே விரலளவு இடம் விட்டார். மத்தியானத்துக்குள் கூண்டு தயார். உள்ளே விட்டதும் முயல் மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

"கிளினிக்குக்குப் போங்கண்ணே, கன்னம் வீங்கிருச்சு."

"அது கடிக்கட்டும். அப்பறம் போறேன்."

மழை வந்தது. மனிதர் நகரவில்லை. என் மகள் குடையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கூண்டுக்குள் கறுக் கறுக் என்று சத்தம் கேட்டது.

அன்று முயல் சாப்பிட்டது, மகளும் சாப்பிட்டாள். அண்ணனால்தான் மெல்ல முடியவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே குடித்த அந்த மனிதர், அன்றிலிருந்து என் கூடப் பிறந்தவர்.